தலையை விடுங்கள், சிறகு நுனியைப் பாருங்கள்: இரு கடற்காகங்களைப் பிரித்தறியும் வழி

குளிர்காலத்தில் நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்திலும் கோடியக்கரையிலும் கூட்டமாக வட்டமிடுபவற்றில் பெரும்பாலானவை பழுப்புத்தலைக் கடற்காகங்கள். அவற்றுக்கு நடுவே அதன் உறவுக்காரரான கருந்தலைக் கடற்காகமும் கலந்திருக்கலாம். புதியவர்கள் உடனே தலையின் நிறத்தைத் தேடுவார்கள். அது வீண்வேலை. முகமூடிபோலத் தலையை மூடும் அந்த அடர்நிறம் இனப்பெருக்கக் காலத்துக்கு உரியது. லடாக், திபெத் ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டுப் பழுப்புத்தலை இங்கே வந்து சேரும் நாள்களில் இரண்டுக்குமே தலை வெள்ளைதான். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் மிச்சம்.

முதலில் நிற்கும் இடம். நமது கரையில் காலைச் சூரியன் கடல் பக்கம் இருக்கும். கடலைப் பார்த்து நின்றால் பறவை வெறும் நிழலுருவமாகத் தெரியும். கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். படகுகள் மீன் இறக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் அவை தலைக்கு மேலேயே பறக்கும், தொலைநோக்கிகூடத் தேவைப்படாது.

அடுத்தது சிறகு நுனி. முக்கால்வாசி விடை இங்கேயே கிடைத்துவிடும். வளர்ந்த பழுப்புத்தலைக்கு நுனி அகலமாகக் கறுத்திருக்கும். அந்தக் கறுப்புக்குள் முட்டை வடிவில் வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். கருந்தலைக்கு அந்தப் புள்ளிகள் கிடையாது. சிறகின் முன்விளிம்பில் நீண்ட வெள்ளை ஆப்பு ஒன்று நுனியை நோக்கி ஓடும்; கறுப்பு பின்விளிம்பில் மெல்லிய கரையாக ஒதுங்கிவிடும். கண்ணை நம்பாமல் செல்பேசியில் தொடர்ச்சியாகப் படம் எடுத்து, சிறகு முழுதாக விரிந்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வேதாரண்யம் உப்பள வரப்புகளில் உட்கார்ந்திருக்கும் பறவை என்றால் கண்ணைக் கவனியுங்கள். வளர்ந்த பழுப்புத்தலைக்கு விழி வெளிறியிருக்கும், முறைத்துப் பார்ப்பதுபோல. கருந்தலைக்கு விழி கருமை. பார்வை சாதுவாகத் தோன்றும். பழுப்புத்தலை சற்றுப் பெரியது, அலகும் தடிமன். ஆனால் இரண்டும் அருகருகே இருந்தால்தான் இது உதவும்.

இளம் பறவைகள்தான் தொல்லை. இளம் பழுப்புத்தலைக்கும் விழி கருமை, சிறகில் வெள்ளைப் புள்ளியும் இராது. அப்போது அந்த வெள்ளை ஆப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நுனி அகலமாகக் கறுத்து, ஆப்பு இல்லை என்றால் பழுப்புத்தலை.

மாசி, பங்குனியில் சிலவற்றுக்கு முகமூடி திரும்பத் தொடங்கும். அப்போதும் தலையை நம்ப வேண்டாம்: கருந்தலைக்கு வருவதும் அடர்பழுப்புதான். சிறகும் கண்ணும் தெரியாத தொலைவில் இருந்தால் குறிப்பேட்டில் ‘கடற்காகம்’ என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.