ரோத்தன்பர்கில் அரை நாள்தான் இருக்கிறதா?

ஜெர்மனியின் ரோத்தன்பர்கில் பகல் முழுக்க ப்ளோன்லைன் என்ற தெருமுக்கில் போட்டோ எடுக்கும் கூட்டம் அலைமோதும். அதை சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு, நேராகக் கோட்டை மதில்மேல் ஏறிவிடுங்கள். கட்டணம் இல்லை, கூரை போட்ட நடைபாதை. 1945 குண்டுவீச்சில் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் பதித்திருக்கிறார்கள், ஜப்பானியப் பெயர்கள்கூட உண்டு.

அப்புறம் கோட்டைப் பூங்கா பக்கமாக டவுபர் பள்ளத்தாக்கில் இறங்குங்கள். சட்டென்று கூட்டம் குறைந்துவிடும். ஆற்றோரமாக நடந்தால் டெட்வாங் கிராமம். அங்குள்ள சின்ன தேவாலயத்தில் சிற்பி ரீமன்ஷ்னைடரின் மரச் சிற்பப் பலிபீடம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். திரும்பும்போது ஏற்றம், மூச்சு வாங்கும்.

ஷ்னேபால் என்ற உருண்டைப் பலகாரம் இருவருக்கு ஒன்றே போதும், சட்டையெல்லாம் சர்க்கரைதான்! ரயிலில் வருபவர்கள் ஷ்டைனாக் ஸ்டேஷனில் வண்டி மாறவேண்டும். திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.