போதை மீட்பு ஊழியத்துக்கு அழைப்பா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

குடியை விட்டு நாற்பது நாள் ஆன ஒருவர் சபையில் சாட்சி சொல்கிறார். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஆராதனை முடிந்ததும், “பிரதர், ஆண்டவர் உங்களை இந்த ஊழியத்துக்குத்தான் எடுத்திருக்கார்” என்று நாலு பேர் கையைப் பிடித்துச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த மாதமே அவர் பெயரில் ஓர் ஊழியம். சேதம் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அவருடைய அழைப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. விடுதலை கிடைத்த பூரிப்பையே அழைப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு.

மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்த மனிதன் குணமானதும் இயேசுவோடே போக ஆசைப்படுகிறான். அவரோ அவனைப் படகில் ஏற்றிக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் உன் இனத்தாருக்குச் சொல் என்று அனுப்பிவிடுகிறார். குடியிலிருந்து மீண்டவருக்கும் முதல் களம் வீடுதான். அடைக்காத கடன், முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை, எத்தனையோ சத்தியங்களைக் கேட்டுச் சலித்துப்போன மனைவி எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைச் சபைக் கண்காணியாக வைக்க வேண்டாம், இறுமாப்பு வந்துவிடும் என்று 1 தீமோத்தேயு 3:6-லும் இருக்கிறது.

அடுத்தது பிரசங்க ஆசை. குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவி மீள்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை விட்டார். விட்ட கையோடு, கண்ணில் பட்ட குடிநோயாளிகளிடமெல்லாம் தன் ஆன்மிக அனுபவத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பல மாதமாகியும் ஒருவர்கூடத் திருந்தவில்லை. அவருடைய டாக்டர் சில்க்வர்த்தான், பிரசங்கத்தை நிறுத்து, முதலில் இது ஒரு நோய் என்பதைப் பேசு என்றார். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிக்கு அடிமையாகியிருந்த டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தபோது பில் பேசிய விதமே வேறு. தன் குடிக்கதையைச் சொன்னார். எனக்கும் உன் உதவி வேண்டும் என்றார். அது வேலை செய்தது.

சரி, பாப் அன்றைக்கே விட்டுவிட்டாரா என்றால், இல்லை. சில வாரத்தில் மறுபடி குடித்தார். ஜூன் 10 அன்றுதான் கடைசிக் குடி. இதை இங்கே சொல்லக் காரணம், நம் ஆட்களில் பலர் முதல் சறுக்கலிலேயே “இவன் உண்மையாக மனந்திரும்பவில்லை” என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். சறுக்கியவர் அப்புறம் வெட்கத்தில் போனையே எடுக்கமாட்டார்.

உயிரையே பறிக்கக்கூடிய தவறு ஒன்று உண்டு. வருடக்கணக்காகத் தினமும் அதிகம் குடித்தவரை ஜெப அறையில் உட்கார வைத்து, இன்றோடு நிறுத்து என்பது. குடியைத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நடுக்கம், காய்ச்சல், இல்லாததைப் பார்த்து அலறும் குழப்பம் என்று முற்றலாம். அதைப் பிசாசின் வேலை என்று கட்டி ஜெபித்துக்கொண்டிருந்தால் ஆள் இறந்தே போகலாம். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை அடிமைத்தனத்திலும் இதே ஆபத்து. ஹெராயின் போன்றவற்றில் ஆபத்து வேறு மாதிரி வரும்: சில வாரம் விட்டவரின் உடல் பழைய அளவைத் தாங்காது, மறுபடி அதே அளவு எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். ஆகவே ஊழியத்தின் முதல் கூட்டாளி ஒரு டாக்டராக இருக்கட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை அவிசுவாசம் என்று நிறுத்தச் சொல்ல யாருக்கும் அபிஷேகம் கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய குடிக்கூட்டத்துக்குள் தனியாகப் போகாதீர்கள். நீயும் சோதிக்கப்படாதபடி எச்சரிக்கையாயிரு என்ற கலாத்தியர் 6:1 உதவப் போகிறவருக்குச் சொன்னது. ஒருவர் நம்பிச் சொன்னதை, பெயரை மறைத்துக்கூடப் பிரசங்க உதாரணமாக்காதீர்கள். மீண்டு வருகிறவர் கையில் பணம் கொடுக்காதீர்கள். நான் குடித்ததே இல்லையே, எனக்கு ஏது அழைப்பு என்றும் ஒதுங்கிவிடாதீர்கள். குடிகாரத் தகப்பனோடு வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்தது பலருக்குத் தெரியாது.

அழைப்பைச் சோதிக்க நான் சொல்லும் வழி சாதாரணமானது. ஒரு வருடம் மைக்கும் பட்டமும் இல்லாமல் இருந்து பாருங்கள். கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்குங்கள், ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், நடு இரவில் வரும் போனை எடுங்கள். அதற்கப்புறமும் பாரம் குறையவில்லையென்றால் போதகரோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுங்கள். “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்று மனைவி சொன்னால், அதையும் ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.