விமானம் ஏறுவதற்கு முன் பெயரைச் சரிபாருங்கள்: எல்லையோரத் தமிழர்களுக்கான அடையாள அட்டை விளக்கம்

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து ஊர்களில் வாழும் நமக்கு மிக அருகிலுள்ள விமான நிலையம் மாநில எல்லையைத் தாண்டி, கோயம்புத்தூர் பீளமேட்டில் இருக்கிறது. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டு மலையாளத்தில், படித்த சான்றிதழ் சிலருக்குப் பொள்ளாச்சியிலிருந்து, டிக்கெட் ஆங்கிலத்தில். ஒரே மனிதரின் பெயர் இத்தனை எழுத்துகளுக்குள் புகுந்து வெளிவரும்போது இரண்டு மூன்று விதமாக மாறிவிடுகிறது. விமான நிலைய வாயிலில் நம்மைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் அட்டை இல்லாத குறை அன்று, அட்டையிலும் டிக்கெட்டிலும் பெயர் வேறுபடும் குறைதான்.

இதை நான் என் தந்தையாரோடு சென்ற பயணத்தில்தான் கற்றுக்கொண்டேன். தங்கையின் பிரசவத்துக்காக வடக்கே சென்றோம். அப்பாவின் பெயரை நான் பள்ளிச் சான்றிதழில் பார்த்த நினைவில் டிக்கெட்டில் நிரப்பியிருந்தேன். ஆதாரிலோ மலையாள வழியில் வந்த எழுத்துகள் இருந்தன. போகும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஒரு விமான நிலைய வாயிலில் எங்களைத் தனியே நிறுத்திவிட்டார்கள். விமான நிறுவனத்தின் முகப்புக்கு ஓடி, எழுத்தைத் திருத்தி வாங்கி, மறுபடி வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் எழுபது வயது மனிதர் அந்த வாயிலில் முக்கால் மணி நேரம் நின்றார். அந்த முக்கால் மணி நேரம் இன்னொரு வீட்டுப் பெரியவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே, முதல்முறை பறக்கப் போகிறவர்களுக்கு இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: எந்த அட்டை செல்லும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உள்நாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் கட்டாயம் இல்லை. விமானப் பாதுகாப்புப் பணியகம் 2017இல் வெளியிட்ட அறிவிப்பின்படி பாஸ்போர்ட், வாக்காளர் அடையாள அட்டை, ஆதார் அல்லது கைப்பேசியில் உள்ள எம்-ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பணியிட அடையாள அட்டை, மாணவர் அடையாள அட்டை, தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக், புகைப்படம் உள்ள ஓய்வூதிய அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகிய பத்தில் ஏதேனும் ஒன்று போதும். பெற்றோர் உரிய அட்டையோடு வரும்போது உடன் வரும் சிறுவர்களுக்குத் தனி அட்டை தேவையில்லை என்று அதே அறிவிப்பு கூறுகிறது. ஆனாலும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயதைக் காட்ட விமான நிறுவனம் பிறப்புச் சான்றிதழ் கேட்கும் என்பதால் அதை மறக்காதீர்கள்.

இந்தப் பட்டியலில் ரேஷன் கார்டு இல்லை. கேரளத்தில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால், அதை மட்டும் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிடும் பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். கூட்டுறவு வங்கியின் பாஸ்புக்கும் இதற்கு உதவாது. எந்த அட்டையானாலும் மூல அட்டைதான் செல்லும், ஜெராக்ஸ் செல்லாது. வாட்ஸ்அப்பில் பேரன் அனுப்பிவைத்த ஆதார் படமும் ஜெராக்ஸைப் போன்றதே.

இரண்டாம் படி: எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்புங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் எடுத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் உள்ள ஆங்கிலப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதுங்கள். மலையாளத்திலோ தமிழிலோ உள்ள பெயரைப் பார்க்க வேண்டாம். டிக்கெட்டில் இருப்பது ஆங்கிலப் பெயர் என்பதால் வாயிலில் ஒப்பிடப்படுவதும் அதுவே.

தங்கவேலு என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் 'ங்க'வின் ஒலியைக் கேட்டு 'ஜி' போடுவார். அதே பெயரை மலையாளத்தில் எழுதி, அந்த எழுத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாற்றுகிறவர், தங்கம், தங்கமணி என்ற பெயர்களுக்கு அங்கே வழக்கமாக எழுதுவதுபோலக் 'கே' போட்டுவிடுவார். பழனிசாமியின் 'சாமி' மலையாளக் கரையில் 'ஸ்வாமி' ஆகி, ஆங்கிலத்தில் ஒரு 'டபிள்யூ' கூடிவிடும். யார் மீதும் குற்றம் இல்லை, இரண்டு மொழிகளின் எழுத்து வழக்கங்கள் அப்படி. ஆனால் வாயிலில் நிற்கும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை வீரர் ராஜஸ்தானத்துக்காரராகவோ அசாமியராகவோ இருக்கலாம். அவருக்கு இது ஒரே பெயர் என்று தோன்ற வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

அடுத்தது இனிஷியல். தமிழ்நாட்டு வழக்கில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், கேரள ஆவணங்களில் பெயருக்குப் பின்னால் போய்விடும். திருமணமான பெண்களுக்குத் தந்தையின் இனிஷியல் ஓர் அட்டையிலும் கணவரின் இனிஷியல் இன்னோர் அட்டையிலும் இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம்.

ஆந்திரத்துச் சித்தூர், நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழர்களுக்குக் கதை சற்று வேறு. அங்கே படிவங்கள் 'இன்டிபேரு' என்ற குடும்பப் பெயரை எதிர்பார்க்கின்றன. அது இல்லாத தமிழ்க் குடும்பத்தார் தந்தையின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்ல, அது பெயருக்கு முன்னால் முழுதாக ஏறிவிடுகிறது. திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவிலோ சென்னை மீனம்பாக்கத்திலோ விமானம் ஏறும் அவர்களுக்கும் கீழே வரும் படிகள் அப்படியே பொருந்தும்.

மூன்றாம் படி: திருத்த வேண்டியதையும் விட்டுவிட வேண்டியதையும் பிரியுங்கள்

எல்லா வேறுபாட்டையும் திருத்தப் புறப்பட்டால் ஆறு மாதம் அலைய நேரிடும். என் கருத்தில், பயணத்துக்குப் பயன்படுத்தப் போகும் ஓர் அட்டையும் டிக்கெட்டும் ஒத்துப்போனால் போதும். மற்ற அட்டைகள் எப்படி இருந்தாலும் விமான நிலையத்தில் யாரும் அவற்றைக் கேட்கப் போவதில்லை. ஆதாரில் 'கே' என்ற எழுத்து இருந்தால் டிக்கெட்டிலும் அதே 'கே'யைப் போடுங்கள். அது தவறான உச்சரிப்பாயிற்றே என்று மனம் உறுத்தினாலும் பயணம் முடியும்வரை அதுவே உங்கள் பெயர்.

முகவரி வேறு மாநிலத்தில் இருக்கிறது என்று கவலைப்படவும் வேண்டாம். வாயிலில் பார்ப்பது டிக்கெட்டின் தேதி, பெயர், அட்டையிலுள்ள முகம் ஆகியவற்றைத்தான். பொள்ளாச்சி முகவரியுள்ள ஆதாரோடு கொழிஞ்சாம்பாறையில் வாழும் மருமகள், அந்த ஆதாரைக் கொண்டே தாராளமாகப் பறக்கலாம்.

பெயரே வேறாக இருந்தாலோ, வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் அட்டையில் ஏறியிருந்தாலோ, புகைப்படத்தில் இருப்பவர் நீங்கள்தான் என்று நம்ப முடியாத அளவுக்கு அது பழையதாக இருந்தாலோ கட்டாயம் திருத்துங்கள்.

நான்காம் படி: ஆதாரைத் திருத்துவது

கேரளத்தில் அரசுச் சேவைகள் தரும் அக்ஷயா மையங்களில் ஆதார்ப் பிரிவு உள்ளவற்றில் இது நடக்கும். ஆந்திரத்தில் சச்சிவாலயம் என்று மக்கள் சொல்லும் கிராம, வார்டு அரசு அலுவலகங்களில் விசாரியுங்கள். நாட்டின் எந்த ஆதார் மையத்திலும் திருத்திக்கொள்ளலாம் என்பதால், உங்களுக்குப் பொள்ளாச்சி பக்கமாக இருந்தால் அங்கேயே போகலாம். 2025 அக்டோபர் 1 முதல் பெயர் போன்ற விவரத் திருத்தத்துக்கு 75 ரூபாயும், புகைப்படம், கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க 125 ரூபாயும் கட்டணம்.

பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. ஆகவே மையத்தின் இருக்கையில் உட்காருவதற்கு முன்பே, உங்களுக்கு வேண்டிய ஆங்கில எழுத்துகளைப் பெரிதாக ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நீங்கள் காட்டும் ஆதார ஆவணத்தில் எந்தப் பெயர் உள்ளதோ அதுதான் ஏறும், வாயால் சொல்லும் பெயர் ஏறாது. வேலை முடிந்ததும் தரும் ஒப்புகைச் சீட்டை அங்கேயே எழுத்துக்கு எழுத்து படித்துப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அந்தச் சீட்டில் உள்ள பதிவு எண்ணைக் கொண்டு நிலவரத்தைப் பார்க்கலாம், 1947 என்ற எண்ணில் கேட்கவும் செய்யலாம். சில திருத்தங்கள் சில நாட்களில் முடிந்துவிடும், சில மாதக்கணக்கில் இழுக்கும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது.

நம் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவில் கள் இறக்கும் தொழிலில் காலம் கழித்த பெரியவர்களுக்குக் கைரேகை தேய்ந்துபோயிருக்கும். மையத்தில் ரேகை பதியாமல் நான்கு முறை துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்லும்போது அவர்கள் கூசிப்போய்ப் பாதியில் எழுந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கருவிழிப் பதிவும் இருக்கிறது என்பதைச் சொல்லி அவர்களை உட்காரவையுங்கள். விமான நிலைய வாயிலில் யாரும் ரேகை கேட்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஆதாரோடு கைப்பேசி எண்ணை இணைத்துவிடுங்கள், அடுத்த படிக்கு அது வேண்டும். இதற்கு ஆவணம் எதுவும் தேவையில்லை. நடக்க முடியாதவர்களுக்குத் தபால்காரர் வழியாக வீட்டிலேயே எண்ணை இணைக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. பக்கத்துத் தபால் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

பெயர்கள் வேறானாலும் ஆள் ஒருவரே என்று காட்ட, கேரளத்தில் வில்லேஜ் ஆபீசிலிருந்து ஒரு சான்றிதழ் பெறலாம். சொத்து, படிப்பு தொடர்பான வேலைகளுக்கு அது மிகவும் பயன்படும். ஆனால் விமான நிலையப் பட்டியலில் அது இல்லாததால் அதை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். பத்தில் ஒன்றுமே கையில் இல்லாதவருக்கு, குரூப் ஏ கெஜட்டட் அதிகாரி தம் அலுவலகத் தாளில் புகைப்படத்தோடு தரும் சான்று செல்லும் என்று அறிவிப்பு கூறுகிறது. அப்படி ஓர் அதிகாரியைத் தேடி அலைவதைவிட, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் படிவம் 8 கொடுத்து வாக்காளர் அட்டையைத் திருத்திக்கொள்வது எளிது. அதற்குக் கட்டணமும் இல்லை. இரண்டு மாநிலப் பட்டியலிலும் பெயர் உள்ளவர்கள் ஒன்றை முதலில் நீக்கிவிடுங்கள், இரண்டு இடத்தில் பதிந்திருப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஐந்தாம் படி: கைப்பேசியிலும் ஒரு பிரதி

மத்திய அரசின் டிஜிலாக்கர் செயலியில் வரும் ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் மூல ஆவணத்துக்கு இணையானவை. ஆதாரின் மின்னணுப் பிரதியான இ-ஆதாரைத் தரவிறக்கினால் அது கடவுச்சொல் கேட்கும். பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதையடுத்துப் பிறந்த ஆண்டு. நம் ஆட்கள் தடுமாறுவது இங்கேதான். பெயர் 'பி. குமார்' என்று இருந்தால் 'பி'யும் அதன் பின்னுள்ள புள்ளியும் கணக்கில் சேரும், இடைவெளி சேராது. ஆக பி, புள்ளி, கே, யு என்பவையே அந்த நான்கு.

ஆறாம் படி: இப்போதுதான் டிக்கெட்

அட்டை கையில் வந்த பிறகு, அதை எதிரில் வைத்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அட்டையில் இனிஷியல் ஓரெழுத்தாக இருந்தால் கடைசிப் பெயரில் அந்த ஓரெழுத்தை நிரப்பலாம். தளம் அதை ஏற்கவில்லை என்றால், கடைசிப் பெயர் இல்லாதவர்களுக்கு அந்த நிறுவனம் தரும் குறிப்பைப் படித்து அதன்படி செய்யுங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை, பெயரின் எழுத்து மாறியதற்குத்தான் பார்த்திருக்கிறேன். டிராவல்ஸில் எடுத்தால் பெயரை வாயால் சொல்லாமல் அட்டையையே காட்டுங்கள்.

டிக்கெட் வந்தவுடன் படியுங்கள். விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக எடுத்த டிக்கெட்டில், எடுத்த 24 மணி நேரத்துக்குள் எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டினால் கட்டணமின்றித் திருத்தித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. நான் அன்று இந்த ஒரு காரியத்தைச் செய்திருந்தால் அப்பா அந்த வாயிலில் நின்றிருக்க மாட்டார்.

புறப்படும் நாள்

அட்டையைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். நுழைவாயிலில் ஒரு முறை காட்ட வேண்டும், பெட்டியை ஒப்படைக்கும் இடத்தில் மறுபடி கேட்கலாம். பெட்டி போன பிறகு அட்டையும் அதனுள் போயிருந்தால் சிக்கல். பல நிறுவனங்கள் புறப்படும் நேரத்துக்கு 60 நிமிடம் முன்பே பதிவு (செக்-இன்) முகப்பை மூடிவிடுகின்றன. வேலந்தாவளம் வழியானாலும் வாளையார் வழியானாலும் கோவை நகர நெரிசலுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

போன ஊரில் உறவினர் வீட்டு அலமாரியில் அட்டையை வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் உண்டு. திரும்பும் நாளன்று காலையில், பெரியவரின் சட்டைப் பையில் அந்த அட்டை இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.