கப்பல் மோட்டாருக்கு மெக்கர் வைத்துப் பார்ப்பது எப்படி?

ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் கப்பல் மோட்டார் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெக்கர் என்பது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் (வைண்டிங்) இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கும் கருவி. 440 வோல்ட் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலில் பிரேக்கரை ஆஃப் செய்து, பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்டுங்கள். மோட்டாருக்குள் ஹீட்டர் இருந்தால் அதன் சப்ளை தனி. மோட்டார் நின்றதும் அதற்குத் தானாகவே கரண்ட் வரும். அதையும் துண்டித்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே டெர்மினலில் கை வையுங்கள்.

அடுத்து, கேபிளைக் கழற்றுங்கள். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் எலெக்ட்ரானிக் கருவி) இணைந்திருக்கும்போது மெக்கர் கொடுத்தால் அதன் எலெக்ட்ரானிக்ஸ் போய்விடும்.

மெக்கரை 500 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனை வைண்டிங்கில், மறு முனை பாடியில். பெயின்ட்டின் மேல் கிளிப் போட்டால் ரீடிங் பொய் சொல்லும். சுரண்டி, இரும்பு தெரிந்த இடத்தில் போடுங்கள். டெர்மினல்களை இணைக்கும் உலோகப் பட்டையை (லிங்க்) கழற்ற முடிந்தால் மூன்று ஃபேஸையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சரியாக ஒரு நிமிடம் பொறுத்து ரீடிங்கை எழுதுங்கள். பக்கத்திலேயே வைண்டிங் சூட்டையும் எழுத வேண்டும். சூடு 10 டிகிரி ஏறினால் ரீடிங் ஏறக்குறைய பாதியாகும்: 30 டிகிரியில் 40 மெகா ஓம் காட்டியது, 40 டிகிரியில் 20 தான் காட்டும். சூட்டை எழுதாத ரீடிங்கைப் போன மாத ரீடிங்கோடு ஒப்பிடவே முடியாது. இந்த அளவு மோட்டாருக்கு 40 டிகிரியில் 5 மெகா ஓமாவது வேண்டும் என்கிறது ஐஇஇஇ 43 என்ற மின் பொறியாளர் சங்கத் தரநிலை. 1 மெகா ஓமுக்குக் கீழே போனால் ஓட்டவே கூடாது.

முடிந்ததும் வைண்டிங்கை எர்த் செய்து டிஸ்சார்ஜ் பண்ணுங்கள். மெக்கர் கொடுத்த நேரத்தைப்போல் நான்கு மடங்காவது அப்படியே இருக்கட்டும்.

ரீடிங் குறைவாக வந்தால் பலரும் உடனே ஹீட் கொடுக்கிறார்கள். உப்பு படிந்த வைண்டிங்கில் இது வீண் வேலை. ஈரம் போனாலும் உப்பு அங்கேயே இருக்கும், மறுபடியும் ஈரத்தை இழுக்கும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வடசென்னையில் கடலோரத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை ஊற்றவே ஊற்றாதீர்கள். பிறகு காயவைத்து, ரீடிங் ஏறி நிலைத்த பிறகே வார்னிஷ்.

கப்பல் ஓடும்போது ஸ்விட்ச்போர்டில் உள்ள இன்சுலேஷன் மீட்டரைத் தினமும் பாருங்கள். பெரும்பாலான கப்பல்களில் நியூட்ரல் எர்த் ஆகியிருக்காது. அதனால் முதல் எர்த் ஃபால்ட்டில் எதுவும் ட்ரிப் ஆகாது, மீட்டர் மட்டும் இறங்கும். எந்த லைன் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக ஆஃப் செய்ய வேண்டும். டியூட்டி இன்ஜினியரைக் கேட்காமல் ஒரு பிரேக்கரையும் தொடாதீர்கள். ஸ்டியரிங் கியர் லைனும் அந்த போர்டில்தான் இருக்கும்.