அமிலத்தின் வலு தெரிய ஹைட்ரஜனைக் கழற்றிப் பாருங்கள்

பார்மிக், அசிட்டிக், குளோரோஅசிட்டிக் அமிலங்களில் எது வலுவானது? பிகேஏ (அமிலத்தின் வலுவைக் காட்டும் அளவு) எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஓஹெச் தொகுதியின் (ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன்) ஹைட்ரஜனை மனதுக்குள் கழற்றிவிட்டு, மிஞ்சும் எதிர்மின்சுமை எங்கே போகிறது என்று பாருங்கள். அது எவ்வளவு பரவுகிறதோ, அமிலம் அவ்வளவு வலுவானது.

எத்தனாலில் அது ஒரே ஆக்சிஜன் தலையில் விழுகிறது. பிகேஏ சுமார் 16. (எண் குறையக் குறைய அமிலம் வலுவானது.) அசிட்டிக் அமிலத்தில் இரண்டு ஆக்சிஜன்கள் ஆளுக்குப் பாதி சுமக்கின்றன, பிகேஏ 4.76. இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. பார்மிக் அமிலத்தின் இரு கார்பன்-ஆக்சிஜன் பிணைப்புகள் சுமார் 1.20, 1.34 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நீளம். ஹைட்ரஜன் போனதும் இரண்டும் சமமாகி 1.26 பக்கம் வந்துவிடும். நடுவில் இருக்கும் கார்பனில் மைனஸ் போட்டுவிடாதீர்கள், நிறைய பேர் சறுக்குவது அங்கேதான். அது நேர்மின் பக்கம் சாய்ந்தது.

அப்புறம், பக்கத்தில் யார் என்று பாருங்கள். அசிட்டிக் அமிலத்தில் இருக்கும் மெத்தில் தொகுதி (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) எலக்ட்ரானைத் தள்ளுவதால் அது, பார்மிக்கைவிட (3.75) வலு குறைந்தது. குளோரோஅசிட்டிக்கில் குளோரின் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துச் சுமையைக் குறைக்கும்: 2.86. மூன்று குளோரின் இருந்தால் 1-க்கும் கீழே. மருக்களைச் சுட்டு எடுக்க டாக்டர்கள் தொட்டு வைப்பது அந்த ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தைத்தான்.