அலாய் வீலில் ஊர்ந்த வெள்ளைப் புழுக்கள்

என் பழைய காரின் அலாய் வீல்களில், நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற தெளிபூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோலக் கோடுகள் ஓடியிருந்தன. கீறல் வழியே ஈரமும் உப்பும் புகுந்து அலுமினியத்தை அரித்த தடம் அது. மேலேயே பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம் என்று முதலில் குறுக்கு வழி பார்த்தேன். மூன்றே மாதத்தில் அதே புழு அதே இடத்தில் எட்டிப் பார்த்தது.

இரண்டாம் முறை டயரைக் கழற்றி, பெயின்ட் ரிமூவர் தடவி, பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தேன். காஸ்டிக் சோடா பக்கம் போகவே கூடாது. அது அலுமினியத்தையே தின்றுவிடும். பிறகு 120, 240, 400 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் உப்புத்தாள்களால் தேய்ப்பு. ஆரங்களின் இடுக்கில்தான் உயிர் போயிற்று. உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு, அரிப்புக் குழியின் கடைசி வெண்புள்ளி மறையும்வரை தேய்த்தேன். விரல் நுனி வழவழத்துப்போய், கைபேசி என் கைரேகையை ஏற்க மறுத்தது.

துடைத்து, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் அடிப்பூச்சான எட்ச் பிரைமர், வெள்ளி நிறம், தெளிபூச்சு. எல்லாமே மெல்லிய அடுக்குகள். நட்டு அமரும் குழிகளையும் வீல் மாட்டும் மையப் பகுதியான ஹப்பில் படியும் பின்புறத்தையும் மட்டும் டேப் ஒட்டி மறைத்தேன். அங்கே பெயின்ட் படிந்தால் நாளடைவில் நசுங்கி, நட்டு தளர்ந்துவிடும். மாட்டியபின் 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் நட்டுகளை மீண்டும் சரிபார்த்தேன். ஒரு நட்டு கால் சுற்று ஏறியது.