ரீஃப் டேங்கில் சிவப்புத் தட்டைப்புழுவா? மருந்துக்கு முன்னால் ட்யூபை எடுங்கள்

ரீஃப் டேங்கில், அதாவது பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், விளக்கு எரிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அலை அதிகம் அடிக்காத மூலையில், பாறை மேலும் மணல் மேலும் இரும்புத்துரு படிந்தது போலச் செம்பழுப்புத் திட்டு தெரிகிறதா? பாசி என்றுதான் முதலில் தோன்றும். நானும் அப்படி நினைத்து மூன்று வாரம் சும்மா இருந்தேன். ஒருநாள் பழைய டூத்பிரஷால் தேய்க்கப் போனால், அந்தத் துரு தானாக நகர்ந்தது.

இந்தப் புழு பவளத்தைக் கடித்துத் தின்பதில்லை. தன் உடம்புக்குள்ளேயே பாசியை வைத்து வளர்ப்பதால் வெளிச்சமே அதற்குப் பாதிச் சோறு. மீதிக்குக் கோப்பிபாடு போன்ற பொடி உயிர்களைப் பிடித்துக்கொள்ளும். கூட்டம் பெருகியதும் பவளத்தின் மேல் ஜமுக்காளம் விரித்த மாதிரி படுத்து வெளிச்சத்தை மறைக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூட்டமாகச் சாகும்போது உடம்பிலிருந்து விஷம் வெளியே வருமே, அதுதான் மீனைக் கொல்லும்.

எனக்கு அது தெரியாது. முதல் தடவை, அளவெல்லாம் சரியாகப் பார்த்து மருந்தை ஊற்றிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். இருபது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் புழுக்கள் சருகு மாதிரி சுழன்றன. அரைமணியில் மஞ்சள் டாங்க் மீன் மணலில் சாய்ந்து கிடந்தது. விஷத்தை உறிஞ்சும் கார்பன் (கரி) இருக்கும் டப்பாவைத் தேடி நான் பால்கனிக்கும் சமையலறைக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டு மீன் போயிற்று. மருந்தைக் குறை சொல்ல எதுவுமில்லை. புழுவை அள்ளாமல் மருந்து ஊற்றியது நான்தான்.

1. அதே புழுதானா?

ஒரு சொட்டுத் தண்ணீரோடு புழுவை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அரிசியை விடச் சிறியது, தட்டையான முட்டை வடிவம், செம்பழுப்பு நிறம், வால் பக்கம் மூன்று சின்ன மடல். அறிவியல் பெயர் கான்வொலுட்ரிலோபா. பெயருக்குள்ளேயே மூன்று மடல் இருக்கிறது. தொட்டிகளில் அதிகம் வருவது ரெட்ரோஜெம்மா என்ற இனம். இது பின்பக்கத்தில் மொட்டு விடும். அந்தக் குட்டி தாய்க்கு நேர் எதிர்த் திசையில் தலை வைத்து வளர்ந்து, பிறகு தனியே கழன்று போகும். ஜோடி தேவையில்லை. பத்து புழு சீக்கிரமே பாறையை மூடுவது இப்படித்தான். (உயிரியல்காரர்கள் இதை இப்போது தட்டைப்புழு வகையிலிருந்தே பிரித்து வேறு கிளையில் வைத்துவிட்டார்கள். நமக்குப் பழைய பெயரே போதும்.)

கண்ணாடியில் வெள்ளையாகத் துள்ளித் துள்ளி ஓடுவது கோப்பிபாடு. அது மீனுக்கு உணவு, விட்டுவிடுங்கள். அக்ரோபோரா என்ற பவளத்தில் மட்டும் வட்ட வட்டமாக வெளிறிய கடித் தடம் இருந்தால் அது வேறு புழு. நிஜமாகவே பவளம் தின்னி. அதற்குத் தொட்டியில் மருந்து ஊற்றிப் பிரயோசனமில்லை. பவளத்தைக் கழற்றி எடுத்து மருந்துக் குளியல் கொடுக்க வேண்டும். அதன் முட்டை குளியலில் சாகாது என்பதால் வாரம் ஒருமுறை என்று பல வாரம் தொடர வேண்டும். அந்தக் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

2. உறிஞ்சுங்கள், மறுபடி உறிஞ்சுங்கள்

மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான். ஏர் பம்புக்குப் போடும் மெல்லிய ட்யூப் இரண்டு மீட்டர், கீழே ஒரு வாளி, வாளி வாயில் ஒரு ஃபில்டர் சாக் (வடிகட்டும் பை). ட்யூபின் முனையில் ஒரு சாப்ஸ்டிக்கை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டால் பேனா பிடிப்பது போல் சரியான இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

ட்யூபை வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள். தொட்டியில் ஜோவாந்தஸ் வகைப் பவளம் இருந்தால் தண்ணீரில் பாலிடாக்ஸின் இருக்கக்கூடும். அது விளையாட்டான விஷமில்லை. ட்யூப் முழுவதும் தண்ணீர் நிரப்பி, வாளிப் பக்க முனையை விரலால் அடைத்துக் கீழே இறக்கி விட்டால் தானாக ஓடும். கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

விளக்கு எரியும் நேரத்தில் செய்யுங்கள். புழு வெளிச்சத்துக்கு மேலே வந்து கிடக்கும். வேவ்மேக்கரை (அலை உண்டாக்கும் பம்பை) நிறுத்திவிட்டு, முனையைப் புழுவுக்கு அரை விரல் தூரத்தில் பிடித்தால் போதும், உரிந்து உள்ளே போய்விடும். பாறையைச் சுரண்ட வேண்டாம். சுரண்டினால் நசுங்கும், நசுங்கினால் விஷம் தண்ணீரில். சாக்கில் வடிந்த தண்ணீரைத் தொட்டியிலேயே திருப்பி விடுகிறவர்கள் உண்டு, நான் கொட்டிவிடுவேன். எப்படியும் தண்ணீர் மாற்ற வேண்டியதுதானே.

ஒருநாள் விட்டு ஒருநாள், பத்து நாளாவது இதைச் செய்யுங்கள். முதல் நாள் சாக்கில் செம்மண் சேறு மாதிரி வரும். பத்தாம் நாள் தேடித் தேடித்தான் பத்துப் பதினைந்து கிடைக்கும். அந்த நிலைக்கு வந்தபிறகுதான் மருந்து பாட்டிலைத் திறக்கலாம்.

3. தண்ணீர்க் கணக்கு

கடையில் '200 லிட்டர் டேங்க்' என்று சொன்னதை நம்பி அளவு போடாதீர்கள். என் தொட்டி 90 செ.மீ. நீளம், 45 அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் 40. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 162 லிட்டர். கீழே சம்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) 50, 35, 22. அது 38 லிட்டர் சொச்சம். ஆக 200. அதிலிருந்து பாறையும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழித்து 180 என்று வைத்துக்கொண்டேன்.

4. எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்

முந்தைய நாளே ஆர்ஓ தண்ணீரில் உப்புக் கலந்து, தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்காவது தயாராக இருக்கட்டும். உப்படர்த்தி 1.025, வெப்பம் தொட்டியில் உள்ளதே. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆக்டிவேட்டட் கார்பனைக் கழுவிப் பையில் போட்டு, தொட்டிப் பக்கத்திலேயே வையுங்கள். காற்றுக் குமிழி விட ஒரு ஏர் ஸ்டோன் வேண்டும். இங்கே சிங்கப்பூர் மாதிரி ஊரில் சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடிக்கொண்டிருக்கட்டும். மீனை அவசரமாக மாற்ற, சுத்தமான உப்புத் தண்ணீரோடு ஒரு பெட்டியும் தயாராக இருக்கட்டும்.

5. மருந்து நாள்

விடுமுறை நாள் காலையில் தொடங்குங்கள். ராத்திரி மருந்து ஊற்றிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது.

தட்டைப்புழுவுக்கென்று விற்கும் ரீஃப் மருந்தையே வாங்குங்கள். ஆடு மாட்டுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் லெவாமிசோலை இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். கொஞ்சம் பிசகினாலும் மீன் உயிர் போய்விடும்.

முதலில் ஒரு சோதனை. ஒரு கிண்ணம் தொட்டித் தண்ணீரில் பத்து புழு, ஒரு சொட்டு மருந்து. சுருண்டு விழுந்தால் மருந்து வேலை செய்கிறது. ஒன்றும் ஆகாமல் ஜம்மென்று ஊர்ந்தால் நீங்கள் வேறு புழுவோடு மல்லுக்கட்டுகிறீர்கள், அல்லது மருந்து பழையது.

சரி, இனி தொட்டி. பழைய கார்பனை வெளியே எடுங்கள், கிருமி கொல்லும் யூவி விளக்கு இருந்தால் அணையுங்கள், வேவ்மேக்கரும் ஏர் ஸ்டோனும் ஓடட்டும். பாட்டிலில் போட்ட அளவுப்படி, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். சில நிமிடங்களிலேயே மறைந்திருந்த புழுக்கள் பாறை இடுக்கிலிருந்து கழன்று மிதக்கத் தொடங்கும். 'இத்தனை இருந்ததா!' என்று இருக்கும். ட்யூபைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மிதப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருங்கள்.

ஒரு கண் மீன் மேல் இருக்கட்டும். மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறினாலோ, செவுள் படபடவென்று அடித்தாலோ காத்திருக்க வேண்டாம்; அந்த நிமிடமே கார்பனைப் போட்டுத் தண்ணீரை மாற்றுங்கள். எந்தச் சிக்கலும் இல்லையென்றால் பாட்டிலில் சொன்ன நேரம் முடிந்ததும் அதே வேலை: கார்பன் உள்ளே, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வெளியே, புதுத் தண்ணீர் உள்ளே, ஸ்கிம்மர் (நுரையோடு கழிவை அள்ளும் கருவி) ஆன். மறுநாள் கார்பனை மாற்றிவிடுங்கள்.

ஒருவாரம் கழித்து இரண்டாவது தடவை. பாறைக்குள் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும், மொட்டு விட அதுவே போதும். இரண்டாவது தடவை எதுவும் மிதக்கவில்லையென்றால் நிம்மதி.

புழு தின்னும் மீன் விட்டால் போதாதா?

பலரும் கேட்பது. சிக்ஸ்லைன் ராஸ் என்ற மீன் சில சமயம் தின்னும், சில சமயம் திரும்பியும் பார்க்காது. என்னுடையது இரண்டாவது ரகம். நீலக் கோடு போட்ட கெலிடோனூரா வேரியன்ஸ் என்ற கடல் நத்தை இந்தப் புழுவையே தேடித் தின்னும், பார்க்கவும் அழகு. ஆனால் புழு தீர்ந்ததும் பட்டினியில் சாகும், அதற்கு முன்னால் வேவ்மேக்கரில் மாட்டாமல் இருந்தால். தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி, ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்குக் கொடுத்தால் நியாயம்.

திரும்ப வராமல் இருக்க

புழு பெரும்பாலும் புதுப் பவளத் துண்டோடுதான் வரும். வாங்கி வந்ததும் பவளத்துக்கான டிப்பில் (மருந்துக் குளியலில்) ஊறவைத்து, பைப்பெட்டால் பீய்ச்சி அடித்து, கிண்ணத்தின் அடியில் என்ன விழுகிறதென்று பாருங்கள். முடிந்தால் அடியிலுள்ள பிளக்கை (பவளம் ஒட்டியிருக்கும் கட்டையை) வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பிளக்கில் ஒட்டுங்கள். புழு பதுங்குவது பிளக்கின் அடிப்பக்கத்தில்தான். பிறகு நாலு வாரமாவது தனித் தொட்டி.

காசு மிச்சம் என்று கடலோரத்தில் பாறையோ பவளமோ பொறுக்கி வந்து போடாதீர்கள். புழு மட்டும் பிரச்சினை இல்லை. இந்தியாவில் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து எடுத்தால் வழக்கு வரும்.

அப்புறம் அந்த ட்யூபும் சாக்கும். நன்னீரில் அலசி வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த தொட்டியில் வையுங்கள். என் சின்னத் தொட்டிக்குப் புழு போனது அந்த ஈர ட்யூப் வழியாகத்தான்.